யாருக்கு முதல்

படிக்கட்டுக்குக் கீழே, மீட்டர்ப் பெட்டிக்குள்
டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு
உதட்டைப் பிதுக்கினார் டெரிக்.
மேலே ஒன்பதரை கிலோவாட்.
கீழேயும் ஒன்பதரை.
எண்பது ஆம்ப் ஃபியூஸ் இரண்டையும் சுமக்காது.

ஒரு பெட்டி இருக்கிறதாம், சவர்க்காரப் பெட்டி அளவில்.
ஒரு ஷவர் ஓடினால்
மற்றதை அதுவே நிறுத்தி வைக்கும்.
"யாருக்கு முதலிடம்?"
காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

லெஸ்டரில் இந்த வீட்டை
அண்ணனும் நானும் சேர்ந்துதான் வாங்கினோம்.
பங்குனியிலிருந்து பேச்சில்லை.
அதனால்தான் கீழே இன்னொரு குளியலறை,
இன்னொரு கேத்தல், இன்னொரு உப்புப் போத்தல்.
ஃபியூஸ் மட்டும் ஒன்று.

அண்ணன் சுவரைப் பார்த்தான்.
நான் டெரிக்கின் சப்பாத்தில் ஒட்டியிருந்த
சுண்ணாம்புத் தூளைப் பார்த்தேன்.
அடுப்பை அணைத்துவிட்டு வந்த அண்ணி
"கீழ்" என்றாள்.
"தம்பிக்கு அஞ்சு மணிக்கு ஷிஃப்ட்."
பென்சில் எழுதிக்கொண்டது.

விடியவில்லை இன்னும்.
கயிற்றை இழுத்துக் குமிழைத் திருகுகிறேன்.
மேலே விழுந்துகொண்டிருந்த தண்ணீர்
சட்டென்று அறுகிறது.
இன்று அவனும் வேளைக்கே எழும்பிவிட்டான் போல.
ஓர் இருமல்.
பிறகு வாளி எதிலோ இடறும் சத்தம்.
கதவைத் தட்டவில்லை, கத்தவும் இல்லை.
பெட்டி சொன்னதைக் கேட்டுக்கொண்டு
நுரையோடு நிற்கிறான்,
இருபது வருடம்
யார் சொல்லையும் கேட்காதவன்.

பாதித் தலை கழுவியபடி
அணைக்கிறேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு மேலே தண்ணீர்.

குளிருது.
காதில் சவர்க்காரத்தோடு
கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.