விலகுவதற்கான காரணம்

இரண்டு அங்குலம் கோடு விட்டிருந்தார்கள்,
அதற்குள் எழுத வேண்டும்.
எழுத்தர் நஞ்சுண்டப்பா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து
"யாக்கம்மா, கல்யாணமா?" என்றார்.
இல்லை.
"துட்டா?"
அதுவும் உண்டு. ஆனால் இல்லை.
"சொந்தக் காரணம்னு போடும்மா,
எல்லாரும் அதைத்தான் போடுவாங்க."
போட்டேன்.
முத்திரை குத்தியாயிற்று, படியும் இறங்கியாயிற்று.
சொந்தமா?
யாருக்குச் சொந்தம் அந்த ஏரி?

வர்த்தூர்க் கரையில் ஈசலை நிறுத்தியிருந்தேன்
(மழைக்குப் பறப்பதல்ல, மூன்று கால் ஈசல்).
முந்தைய இரவு நல்ல மழை.
நுரை ஆள் உயரத்துக்கு எழும்பி
வேலியைத் தாண்டி, சாலைக்கு வந்து,
ஒரு டெலிவரிப் பையனின் ஹெல்மெட்டில் உட்கார்ந்தது.
டைட்டானியம் வெள்ளை ஒரு டியூப் முழுக்கத் தீர்ந்தும்
நுரை மிச்சம் இருந்தது.
காற்று அதில் ஒரு கவளம் பிய்த்து
என் கேன்வாஸில் அறைந்தது,
நான் வரைந்த நுரையின் மேலேயே.
துடைக்கவில்லை.
காய்ந்து பழுப்பாய் ஒரு வளையம் விட்டது.
"அந்த வளையம்! என்ன டெக்ஸ்ச்சர்!" என்று
தொண்ணூற்றொன்று போட்டார்கள்.

மூன்று நாள் முழங்கை வரை அரிப்பு.
மருந்துக்கடைப் பையன் களிம்பை நீட்டியபடி கேட்டான்,
"எதுல கை வச்சீங்க?"
நுரையில.
"நுரைன்னா? என்ன நுரை? எதோட நுரை?"
பதினேழு ஸ்கெட்ச், இரண்டு பெரிய படம்,
ஒரு பருவம் முழுக்க அதன் எதிரில் நின்றவள்
அறுபது ரூபாயைக் கொடுத்துவிட்டு
பதில் சொல்லாமல் வெளியே வந்தேன்.

படத்தை இந்திராநகரில் ஒருவர் வாங்கினார்.
சோபாவுக்குப் பொருந்துகிறதாம்.
அந்தப் பதினெட்டாயிரம்தான்
புதுக் கல்லூரியின் முதல் தவணை.

இங்கே ஓர் அம்மா அட்டவணையில் விரல் வைத்து
என் இரண்டு வருடங்களை வாசித்தார்.
நிறக் கோட்பாடு, சேராது.
உருவ வரைதல், சேராது.
கலை வரலாறு நான்கு பருவமும் சேராது.
கட்டாயத் தாளாக வைத்திருந்த சுற்றுச்சூழல் கல்வி
(பின்பெஞ்சில் தூங்கி, நூற்றுக்கு முப்பத்தாறு)
சேரும். இரண்டு கிரெடிட்.
அவர் சிரிக்கவில்லை. எனக்கு அடக்க முடியவில்லை.

அப்பா கோபிக்கவில்லை, அதுதான் கஷ்டம்.
மெட்ரோ பணிமனையில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து
கை கழுவிக்கொண்டே கேட்டார்,
"அப்போ அந்தப் பெயிண்ட்டெல்லாம் என்ன பண்றது?"
ஜெசிந்தாவுக்குக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டாள்,
பிறகு ஒரு மாதம் பேசவில்லை.

பதினெட்டு வயதுக் கூட்டத்தில் நான் அக்கா.
ஏரிக்கு வேன் போகும்போது
முன் சீட்டை எனக்கு விடுகிறார்கள்.
அதே கரை, அதே வேலி.
ஈசல் நின்ற இடத்தில் குந்தி
குமிழி புகாமல் குப்பியை நிரப்பச் சொல்லித் தந்தார்கள்.
நுரையை விலக்கினால், கீழே தண்ணீர்
கருத்துக் கிடந்தது.
அன்றைக்கெல்லாம் மேலே மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

ஆய்வகத்தில் இரண்டு மருந்து, ஒன்றன்பின் ஒன்றாக.
கல்லூரிக் குழாய்த் தண்ணீருக்கு
பழுப்பாய்த் திரண்டு இறங்கியது,
வெல்லப்பாகின் அடிபோல.
பழுப்பு வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது,
எவ்வளவு என்று மேலே அளக்கலாம்.
ஏரிக் குப்பியில் விட்டோம்.
வெள்ளை.

இம்ரானா பயந்துபோனாள்,
"அக்கா, நாம ஏதோ தப்புப் பண்ணிட்டோம்."
திரும்பச் செய்தோம்.
எனக்குத் தெரியும், இது டைட்டானியம் இல்லை,
துத்தநாக வெள்ளையும் இல்லை,
நீர்த்த சுண்ணாம்பில் ஒரு சொட்டுச் சாம்பல் கலந்தது;
அதையெல்லாம் எழுத ரெக்கார்ட் நோட்டில் இடமில்லை.
வீழ்படிவின் நிறம்: வெள்ளை.
கரைந்த ஆக்சிஜன்: இல்லை.

மூன்றாவது குப்பியை அவள் எடுத்தாள்.
நான் முழங்கையைச் சொறிந்துகொண்டே
மூடியைத் திறந்தேன்.