பல்லிக்கு ஒன்றும் போடவில்லை

ஐப்பசி இருபத்து மூன்று. இரவு பதினொன்றே முக்கால்.
தெருவுக்கெல்லாம் கரண்ட் இருந்தது.
கூறைநாட்டில் எங்கள் வீட்டுக்கு மட்டும்
மெயின் பலகையில் ஒரு டப்,
பிறகு மயிர் கருகும் வாசனை.

உள்ளறையில் மாமனாரின் ஆக்சிஜன் இயந்திரம்
கத்தத் தொடங்கியது.
சிலிண்டர் ஒன்று கைவசம் உண்டு.
முள், சிவப்புக்கு ஒரு நூல் மேலே.
நாற்பது நிமிஷம் வரும்.
முப்பது என்று வைத்துக்கொண்டேன்.

ஈ.பி. ஆபீஸில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.
தெரிந்த எலெக்ட்ரீஷியன் திருப்பூர் போய் ஆறு மாசம்.
அரிசிக்கடை ஷட்டரில் ஒரு ஸ்டிக்கர் உண்டே,
இருபத்து நாலு மணி நேர சேவை:
குடையோடு ஓடி
நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு திரும்பினேன்.

"குத்தாலத்துலேர்ந்து வரணும்க்கா."
"வாங்க."
எவ்வளவு என்று கேட்கவில்லை.
மருந்துக்கடையில் பதினொரு வருஷமாய் நிற்கிறவள்.
அட்டையில் அச்சடித்த விலை தவிர
வேறு விலை எனக்குத் தெரியாது.

வந்தான். இளஞ்செழியன்.
சட்டை நுனியைப் பிழிந்துகொண்டே
காதைச் சாய்த்தான்.
"உள்ள என்ன சத்தம்?"
சொன்னேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
பிள்ளையின் பொம்மை என்றிருக்கலாம்.
அந்தச் சத்தத்தை அவன் கையில் ஏந்தி
எடை பார்த்தது
டார்ச் வெளிச்சத்தில் எனக்குத் தெரிந்தது.
"நாலாயிரத்தைந்நூறு ஆகும்."

பேசிப் பார்க்க வாயைத் திறந்தேன். பீப்.
மறுபடி திறந்தேன். பீப்.
என் வாக்கியங்களையெல்லாம்
அந்த இயந்திரமே முடித்து வைத்தது.

ஒன்பது நிமிஷ வேலை.
ஸ்க்ரூ டிரைவர் நுனியில் எடுத்துக் காட்டினான்:
இரண்டு கம்பிக்குக் குறுக்கே கிடந்த பல்லி,
பொரித்த வற்றல் மாதிரி.
ஒரு சாண் வயர், ஒரு ஃப்யூஸ்,
விளக்கு வந்தது. இயந்திரம் வாயை மூடியது.
மாமனார் குஞ்சிதபாதம் கண்ணைத் திறந்து
"யாரு வந்தது?" என்றார்.
"பல்லி" என்றேன்.

பில் கேட்டேன்.
மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.
காலண்டரில் செத்துப்போன நாளைக் கிழித்து
பின்பக்கம் எழுதினான்:
வந்தது ஆயிரம்
மழை ஐந்நூறு
ராத்திரி ஆயிரத்தைந்நூறு
வேலை ஆயிரத்து நானூறு
வயர், ஃப்யூஸ் நூறு.
பல்லிக்கு ஒன்றும் போடவில்லை.

விடிகிற வரைக்கும் இரண்டாவது வரியையே பார்த்திருந்தேன்.
சம்பா நட்ட வயலுக்கெல்லாம் சும்மா பெய்த மழை
எங்கள் வாசலில் மட்டும் ஐந்நூறு.
ராத்திரிக் காசில் பாதி எனக்குச் சேர வேண்டியது,
நானும்தான் முழித்திருந்தேன்.
சிங்கப்பூரிலிருந்து அவர் வாய்ஸ் அனுப்பினார்:
"ஏமாந்துட்டியே தையு."
பின்னால் அங்கேயும் மழைச் சத்தம்.

நாலாம் நாள் கவுண்டரில் வந்து நின்றான்.
என்னைத் தெரியவில்லை.
டியூப்லைட்டில் நான் வேறு ஆள் போல.
வலது கட்டைவிரல் வெந்து
தோல் வழண்டிருந்தது.
"தீப்புண் களிம்பு குடுங்கக்கா.
பெருசு வேணாம், சின்னது."
எங்கே சுட்டது என்று தொண்டை வரை வந்தது.
எங்கள் வீட்டிலோ என்று.
அன்றைக்கு மாதிரியே கேட்கவில்லை.

எண்பத்தாறு ரூபாய்.
எல்லோருக்கும் பத்து சதவீதம் கழிப்போம்,
என் தலைக்கு மேலேயே பலகை தொங்குகிறது.
இடது கையால் வலது பைக்குள் துழாவிக்கொண்டிருந்தவன்
அண்ணாந்து பார்க்கவில்லை.
முழு எண்பத்தாறையும் வாங்கி
கல்லாவில் போட்டேன்.
எட்டு ரூபாய் அறுபது காசு.
அதுவும் முதலாளிக்குத்தான்.

போகாமல் நின்று திருகிக்கொண்டிருந்தான்.
ஒற்றைக் கையில் மூடி வரவில்லை.
வாங்கி,
மூடியின் முனையால் சீலைக் குத்தி
திறந்து கொடுத்தேன்.

அதற்கு ஒன்றும் போடவில்லை.