நான்மால்

வாங்குகிறவரின் வங்கி வக்கீலுக்கு
மூலப்பத்திரம் வேண்டுமாம்.
எங்கள் தாத்தா கொம்பையாவுக்கு
அந்த நாற்பத்திரண்டு சென்ட் நஞ்சை
எப்படி வந்தது என்று காட்ட வேண்டுமாம்.

வீரவநல்லூர் சார்பதிவாளர் அலுவலகத்தில்
முப்பது வருடத்துக்குத் தேடுகூலி கட்டினேன்.
கணினியில் ஏறாத வருடங்கள் அவை.
வேலாண்டி என்றொருவர்
லுங்கியை மடித்துக் கட்டி
எனக்காக ஏணியில் ஏறினார்.
கீழே வந்தபோது
புருவமெல்லாம் பழுப்புத் தூசி.

கொம்பையா வாங்கியதாக எதுவும் இல்லை.
விற்றவரும் இல்லை, கொடுத்தவரும் இல்லை.
'பக்கத்து வயக்காரன் பத்திரத்தப் பாருங்க தாயி,
நம்ம கதை நம்மகிட்ட இருக்காது' என்றார்.

பார்த்தேன்.
கொல்லம் 1102, ஆவணி.
சீதாராமய்யன் எழுதிய ஒத்திப் பத்திரம்.
நான்மால் விபரம்:
*மாடசாமி மகள் முப்பிடாதி நஞ்சைக்குக் கிழக்கு.*

கொம்பையாவும் மாடசாமி மகன்தான்.
எங்கள் வீட்டில்
கொம்பையாவுக்கு உடன்பிறந்தார் இல்லை.
இல்லை என்றுதான்
சடங்கு வீட்டிலும் கருமாதி வீட்டிலும்
ஒவ்வொரு தடவையும் சொன்னார்கள்.
கேட்காதபோதும் சொன்னார்கள்.

வடக்கு வயல் பிச்சையாக் கோனார் கிரயம்:
*முப்பிடாதி நஞ்சைக்கு வடக்கு.*
அவள் பேரில் ஒரு காகிதமும் கிடையாது.
கைநாட்டு இல்லை, கீறல் இல்லை.
அடுத்தவன் வயல் எங்கே முடிகிறதோ
அங்கே இருக்கிறாள்.
கிழக்கே ஐயர், வடக்கே கோனார்.
தெற்கே கன்னடியன் கால்;
வாய்க்கால் பத்திரம் எழுதுவதில்லை.
மேற்கே நாங்கள்.
நாங்களும் எழுதவில்லை.

கொல்லம் 1112, தை.
ஐயர் மகன் அதே வயலை விற்கிறான்.
அதே சர்வே நம்பர், அதே எழுத்துக்காரர்,
'ஞ்' போடும்போது மேலே தூக்கும் அதே சுழி.
*கொம்பையா நஞ்சைக்குக் கிழக்கு.*

பத்து வருடத்தில் தாத்தா
ஒரு வயல் தாண்டிக் கிழக்கே வந்துவிட்டார்.

பஞ்சாயத்து ஆபீஸ் இறப்புப் பதிவேட்டில்
அந்தப் பத்து வருடத்தையும் புரட்டினேன்.
காய்ச்சல், பேதி, பிரசவம், பேதி, பாம்பு,
'பெயரிடாத பெண் குழந்தை' ஏழு பேர்.
முப்பிடாதி சாகவில்லை.
சாகாமல், விற்காமல்,
ஒருத்தி எப்படிப் போவாள்?

தூத்துக்குடிக்குப் போன் போட்டேன்.
சித்தப்பா ரொம்ப நேரம் பேசவில்லை.
பின்னால் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
'வில்லங்கம் இருக்கா இல்லயா,
அத மட்டும் பாருட்டி' என்றார்.

வில்லங்கம் இல்லை.
முத்திரை வைத்தே கொடுத்துவிட்டார்கள்.
மூலப்பத்திரம் இல்லாததற்கு
நீண்ட கால அனுபோகம் என்று ஒரு வரி போட்டால் போதும்,
நான் பேசிக்கொள்கிறேன் என்றார் வக்கீல்.

இன்று கிரயம்.
எழுத்தர் வேகமாக வாசிக்கிறார்,
பழக்கமான மந்திரம் சொல்வதுபோல:
எங்களுக்குப் பூர்வீகமாய்ப் பாத்தியப்பட்டு
நாளது தேதி வரை
யாதொருவர் ஆட்சேபணையுமின்றி
நாங்களே ஆண்டு அனுபவித்து வருகிற—

'அந்த வரிய இன்னொரு தடவ படிங்க.'

படித்தார். அதே வேகம்.
சித்தப்பா பெருவிரலால்
சட்டைப் பொத்தானைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.
வாங்குகிறவர் மனைவி
குழந்தைக்குப் பிஸ்கட் பிரித்தாள்.

'எங்க கையெழுத்து?' என்று நான் கேட்கவில்லை.
அவராகவே விரல் வைத்துக் காட்டினார்.
மைப்பெட்டியைத் திறந்து
என் பக்கமாய் நகர்த்தினார்.

மேலே மின்விசிறி.
மை காய்ந்துவிடும் என்றார்.
காயட்டும் என்றேனா,
நினைத்தேனா, தெரியவில்லை.