கைமாற்று

ஒன்பதாம் நிறமூர்த்தத்தின் வால்நுனி
இருபத்திரண்டுக்குப் போயிருக்கும்.
இருபத்திரண்டின் துண்டு
ஒன்பதில் வந்து ஒட்டியிருக்கும்.
பாடநூல் இதை இடம்பெயர்வு என்கிறது.
இந்த ஊரில் அந்தச் சொல்லைச் சொன்னால்
எந்த முகாம் என்று கேட்பார்கள்.
ஆகவே நான் கிளினிக்கில் கைமாற்று என்பேன்.
வாங்கினதத் திருப்பிக் குடுக்கல்ல, அவ்வளவுதான்.
தலையாட்டுவார்கள். கடன் எல்லாருக்கும் விளங்கும்.

ஒட்டின இடத்தில் ஓர் ஆளி முளைக்கிறது,
அணையத் தெரியாத ஆளி.
உன்னிச்சைக் குளம் வான் பாய்வது போல
என்பு மச்சையிலிருந்து வெண்குழியங்கள்.
ஒரு குளிசை அதை அமர்த்தும்.
நாளுக்கு ஒன்று. முழுதாக. உயிருள்ளவரை.

இலக்கம் பதினான்கு, பூபாலரெத்தினம்.
படுவான்கரை. கொக்கட்டிச்சோலைக்கும் உள்ளே
இரண்டு ஏக்கர் வயல்.
இலக்கம் முப்பத்தொன்று, மீராலெவ்வை.
ஏறாவூர். சைக்கிள் திருத்துகிறவர்.
இருவரும் ஒரே வாங்கில் இருப்பார்கள்.
பேசிக்கொள்வார்களா என்று நான் கவனித்ததில்லை.
நான் கவனித்தது அவர்களின் ஆர்.என்.ஏ.

பெட்ரோல் இல்லாத அந்த வருடம்
கரண்ட் போகும் நேரத்துக்கு அட்டவணை இருந்தது,
மருந்து வரும் நாளுக்கு இல்லை.
கல்லடியில் மீன் ஐஸ் வாங்கி
குருதிக் குழாய்களை அடுக்கிக் கொழும்புக்கு அனுப்பினோம்.
அந்தப் பெட்டி இன்றைக்கும் சூடை மணக்கும்.

மே மாதம் பூச்சியம் தசம் ஒன்று.
ஓகஸ்டில் ஒன்று.
நவம்பரில் நான்கு.
பதினான்குக்கு இப்படி.
முப்பத்தொன்றுக்கும் இப்படியே.
இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன,
ஒரே ஆள் இரண்டு பெயரில் வந்தது மாதிரி.

புதுப் பிறழ்வு என்று நினைத்தேன்.
மருந்தை ஏமாற்றக் கற்றுக்கொண்ட கலம்,
வாவியின் இரு கரையிலும் ஒரே நேரத்தில்.
கட்டுரைக்குத் தலைப்புக்கூட வைத்துவிட்டேன்,
வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.
எழுத்தெழுத்தாக வாசித்தோம்.
ஓர் எழுத்தும் மாறியிருக்கவில்லை.

பிறகுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.
வாயைத் திறந்து, மனிதர்களிடம்.

மீராலெவ்வை சேட்டுப் பையிலிருந்து
காகிதச் சுருளை எடுத்தார்.
உள்ளே பாதிக் குளிசைகள்.
வெட்டின விளிம்பில் மா உதிர்ந்திருந்தது.
"பெட்ரோல் வரிசையில நிண்டு பிந்திட்டன், டொக்டர்.
வந்து பாத்தா கவுண்டர்ல மருந்து முடிஞ்சி.
இவருதான் கூப்பிட்டு, இந்தாங்க எண்டாரு."
பூபாலரெத்தினம் யன்னலைப் பார்த்தபடி,
"மறுகா என்ன செய்யிற? அவருக்கும் மூணு புள்ளயள்."
அதற்கடுத்த மாதம் மருந்து கிடைத்தது இவருக்கு.
இவர் வெட்டினார்.

நான் ஏசினேன்.
பாதிக் குளிசை பாதி உயிரைக்கூடக் காப்பாற்றாது என்றேன்.
இரண்டு பேரையும் சேர்த்துக் கொல்லும் என்றேன்.
அது உண்மை, இப்போதும் உண்மை.
இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நிலத்தைப் பார்த்தார்கள்.
வெட்டினது எதால் என்று கேட்டேன்.
பாக்குவெட்டி.
கொண்டுவரச் சொல்லிப் பறித்து வைத்தேன்.

ஆய்வுப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்தான் உண்டு:
மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாதவர்.
இரண்டு தடவை சரி போட்டேன்.
பேனை அழுந்தி மறுபக்கம் தெரிந்தது.

மருந்து வரத் தொடங்கிவிட்டது.
பதினான்கு இறங்கிவிட்டது,
முப்பத்தொன்று மெல்ல, அடம்பிடித்து இறங்குகிறது.
கோடுகள் இப்போது ஒன்றையொன்று தொடுவதில்லை.

பாக்குவெட்டி என் லாச்சியில் கிடக்கிறது,
அதன் இடுக்கில் இன்னும் கொஞ்சம் வெள்ளை.
ஒவ்வொரு கிளினிக்கிலும் மீராலெவ்வை கேட்கிறார்,
பொஞ்சாதி வெத்திலைக்கு வழியில்லாமல் ஏசுகிறாவாம்.
அடுத்த முறை தருகிறேன் என்கிறேன்.