அட்டை எண் 612

குழாய் வெடித்த இரவு
இஸ்மே அடோனிஸ் இரண்டு மணிக்கு வந்துவிட்டார்.
இரவு உடுப்பின் மேல் குளிரங்கி,
ஒரு காலில் பூட்ஸ், மறுகாலில் வீட்டுச் செருப்பு.
"பிள்ளைகள் எப்படி?" என்றார்.
அந்நேரம் பள்ளியில் ஏது பிள்ளைகள்?
அவர் கேட்டது ஒலிநாடாக்களை.

ஸ்கார்பரோவில் முப்பத்தோராண்டு சங்கீத ஆசிரியை.
ஓய்வு பெற்றபோது பெட்டிகளை மட்டும் விட்டுப் போனார்,
கொதிகலன் அறையில், உப்பு மூட்டைகளுக்குப் பின்னால்,
அனுமதியில்லாமல்,
சாவி என்னிடம் இருக்கும் தைரியத்தில்.

கோடைதோறும் சேர்த்த சம்பளத்தோடு பறந்தவர்.
பெர்பீஸ் ஆற்றங்கரை, டொபேகோ, கரியாக்கூ.
சாவு வீட்டில் விடிய விடியப் பாடியவர்கள்,
வலை இழுத்தவர்கள், கரும்பு வெட்டியவர்கள்,
பாட மாட்டேன் என்று கதவைச் சாத்திய ஒருத்தி.
அந்தக் கதவுச் சத்தத்துக்கும் ஓர் அட்டை உண்டு.

செப்டம்பரில் எல்லாம் பிள்ளைகளுக்கு வந்துசேரும்,
வட்டமாக நின்று, கைதட்டி.
கல்விச் சபை மனிதர் ஒருமுறை வந்து
"இது பாடத்திட்டத்தில் எங்கே இருக்கிறது?" என்றார்.
முதலாம் வகுப்பு அவரை வட்டத்துக்குள் இழுத்துவிட்டது.
டை பறக்க ஒரு சுற்றுச் சுற்றிப் போனவர்
எதிராகத்தான் எழுதினார்.

நனைந்த பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.
ஒன்றின் மேல் ஆங்கில எழுத்தில்:
தப்பு. பெர்பீஸ், 1974.
"எங்கள் பாஷையில் தப்பு என்றால் பிழை" என்றேன்.
"இது மேளம்" என்றார்.
"மேளமும்தான்."
அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.
அவர் துடைப்பதை நிறுத்தினார்.

அட்டன் பக்கம், தேயிலைத் தோட்டம்.
விடியுமுன் தப்படித்தால்
பெரட்டுக்களத்தில் போய் நிற்கவேண்டும்.
பிந்தினால் அரைப்பேர்.
அம்மா பிந்தியிருக்கிறாள்.
எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது.

ஐயோ என்றோ பாவம் என்றோ அவர் சொல்லவில்லை.
"எத்தனை அடி? கடைசி அடி நீளமா, வெட்டா?"
கைப்பையில் பதிவுக்கருவி இருந்தது.
சோடிச் செருப்புப் போட மறந்தவரின் கைப்பையில்!

துடைப்பக் கட்டையால் குழாயில் அடித்துக் காட்டினேன்.
நடுவில் கை தடுமாறிற்று.
"மறுபடி அடிக்கிறேன், அது தப்பு."
"தப்புதானே கேட்டேன்" என்றார்,
கருவியை நிறுத்தாமல்.

போன மே மாதம் நூலகத்து வண்டி வந்தது.
ஏற்றுவதற்கு முன் அட்டைகளைப் புரட்டினேன்.

612. ஸ்கார்பரோ, கொதிகலன் அறை,
பெப்ரவரி, அதிகாலை மூன்று மணி.
இரும்புக் குழாய், துடைப்பக் கட்டை.
அடித்தவர்: செ. மருதவீரன், பள்ளிப் பராமரிப்பாளர்.
இந்த அடி அவருக்குப் பிடிக்காது.
நடுவில் ஒரு தடுமாற்றம், பின்னால் நீர் சொட்டும் ஓசை.
இரண்டையும் வெட்ட வேண்டாம்.