பொருள் எண் முப்பத்தேழு

டண்டீயில் ஜூலை.
கூடத்துக் கதவை யார் திறந்தாலும்
அவரோடு குளிரும் நுழைகிறது,
சீட்டு வாங்காமல்.

நான் ரசீது எழுதுகிறவள்.
பொருள், விலை, எடுத்தவர் பெயர்
மூன்று கட்டம், அடியில் ஒரு கார்பன் தாள்.
விரல் மரத்துப்போனால் தேநீர்க் குவளையைப்
பிடித்துக்கொள்ளலாம் என்று
குழுத் தலைவி ரத்னாவதி செட்டி அனுமதித்திருக்கிறார்.

ஏலம் விடுபவர் சிபியா.
மற்ற நாளில் மாட்டுச் சந்தையில் நிற்பவர்.
பிரஷர் குக்கரைத் தூக்கிக் காட்டும்போதும்
பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல்
மூடியைத் திறந்து மூடுகிறார்.
கன்யே, காபிலி என்று அவர் ஜூலுவில் எண்ண
ஒரு தரம், ரெண்டு தரம் என்று
என் உதடு பின்னாலேயே ஓடுகிறது.
மூன்றாவதற்கு இருவரும் ஒன்றாய்ப் போய்ச் சேர
சுத்தியல் விழும்.

பூபாலன் கராஜ் தந்த நான்கு டயர்
நியாய விலைக்குப் போனது.
எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில்,
இரண்டு சம்பந்திகள் முறைத்துக்கொண்டதில்
நானூற்றைம்பது ராண்ட்.
நாய்க்குட்டிக்கு ஏலமே நடக்கவில்லை,
பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிய பையன்
திருப்பித் தரவில்லை. அவன் அப்பா
தலையில் அடித்துக்கொண்டு நூறு எடுத்து வைத்தார்.

முப்பத்தேழு: ஆண்கள் மேல்கோட்டு, சாம்பல் நிறம்.
கொடுத்தவர் பாக்யவதி படையாச்சி.
கிளென்கோ ஜங்ஷனில்
இருபத்தாறு வருஷம் ராத்திரி டியூட்டி பார்த்த கோட்டு.
போன செப்டம்பரிலிருந்து ஆணியில் தொங்கியது.
'யாருக்காவது குளிருக்கு ஆகட்டும்'
என்று மேசையில் வைத்துவிட்டு
அடுப்படிக்குப் போனவர்தான்,
அங்கே சமோசா பொரித்துக்கொண்டிருக்கிறார்.

ஐம்பது என்றது ஒரு குரல்.
அறுபது.
'சோளக்கொல்லைப் பொம்மைக்கு மாட்டலாம், தொண்ணூறு!'
சிரிப்பு.

கரண்ட் போனது.

எட்டு மணிக்கு என்றுதான் போட்டிருந்தார்கள்,
ஏழரைக்கே வந்துவிட்டது இருட்டு.
நோயாளர் இல்லத்துக்கு
ஜெனரேட்டர் வாங்கத்தான் இந்த ஏலமே!
யாரோ முதலில் சிரித்தார்கள்,
பிறகு கூடம் முழுக்க.
சிபியா மட்டும் நிறுத்தவில்லை:
'தொண்ணூறு. தொண்ணூறுக்கு மேலே யார்?'

'ஐநூறு.'

பின்பக்கம்.
எண்ணெய் வாசம் வரும் திசை.

கன்யே, என்றார் அவர், மெதுவாக.
காபிலி.
மூணு தரம், என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.
சுத்தியல் மேசைக்குப் பதில்
என் குவளையில் விழுந்தது.

கைப்பேசி விளக்குகள் ஒவ்வொன்றாய் எரிந்தன.
யார் எடுத்தது? யாருப்பா எடுத்தது?
ஒரு கையும் உயரவில்லை.
முன்வரிசை பின்வரிசையைப் பார்த்தது,
பின்வரிசை சுவரைப் பார்த்தது.
சிபியா என்னைப் பார்த்தார்.
தேநீர் பரவிய தாளில் எழுதினேன்:
பொருள், முப்பத்தேழு.
விலை, ஐநூறு.
மூன்றாவது கட்டத்தில் பேனாவை வைத்து
எடுத்துவிட்டேன்.
கார்பன் தாள் அதையும்
ஒரு புள்ளியாய்ப் பிரதியெடுத்தது.

பத்தரைக்குக் கல்லா எண்ணினோம்.
சுருட்டிய ஐந்து நூறு தாள்கள்,
எண்ணெய்ப் பொட்டு வைத்தவை,
யாருடைய கணக்கிலும் சேராமல் கிடந்தன.
ரத்னாவதி வாய் திறந்தார்.
நான் ரசீதை நீட்டினேன்.
வாய் மூடிக்கொண்டார்.

வெளியே கார்க் கண்ணாடிகளெல்லாம் வெள்ளை.
சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பாக்யவதி வந்தார்.
கோட்டின் கை
விரலையும் தாண்டித் தொங்கியது.
'நல்ல விலைக்குப் போச்சா?'
'போச்சு' என்றேன்.
தலையாட்டிவிட்டு
உறைந்த புல் நொறுங்க நடந்தார்.

ஜெனரேட்டருக்கு இன்னும் பதினோராயிரம் குறைகிறது.
ஆகஸ்டிலும் குளிரும்.