எண்ணூறு அடி

கதவைக் கழற்றிவிட்ட செஸ்னா.
பெல்ட்டை மூன்றாம் முறை இழுத்துப் பார்க்கிறேன்.
"இடப்பக்கம் சாய்க்கவா?" குரியன் கேட்கிறார்.
என் பதிலைக் காற்று பிடுங்கிப்போய்
பள்ளத்தூர்ப் பக்கம் எங்கோ போடுகிறது.

கீழே கானாடுகாத்தான்.
தெருவில் நின்றால் ஒவ்வொன்றும் கோட்டை.
மேலிருந்து
எல்லாக் கோட்டைக்கும் நடுவில் ஓட்டை.
ஊருணி ஒரு கணம் கண்ணைக் கூசவைத்துவிட்டு
மறுபடி பச்சைத் தண்ணீராகிறது.

அடைக்கப்பனுக்கு வேண்டியது ஒரே படம்.
முப்பத்தொரு பங்காளிகள், பதினான்கு வருட வழக்கு;
பூட்டிய வீட்டில் ஈ காக்கை இல்லை என்று
கோர்ட்டில் காட்ட வேண்டும்.

சாய்கிறோம்.
இறக்கையின் கம்பி ஃபிரேமுக்குள் நீட்டுகிறது. ச்சே.
இன்னொரு சுற்று.

இரண்டாம் கட்டு முற்றத்தில்
ஒரு சிவப்பு.
லென்ஸை முறுக்கினால், சேலை.
இப்போதுதான் பிழிந்திருக்க வேண்டும்,
கொடி நடுவில் தாழ்ந்திருக்கிறது.
பக்கத்தில் ஒருத்தி
நெற்றிக்கு மேல் கைவைத்து
என்னை அண்ணாந்து பார்க்கிறாள்.
ஓடவில்லை.
சேலையை இன்னும் கொஞ்சம் விரித்துவிட்டாள்.

"கிடைத்ததா?"
"மேகம் மறைத்துவிட்டது" என்றேன்.

சித்திரை வெயில்.
கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு பஞ்சுப் பிசிறு இல்லை.
குரியன் ஒருமுறை வானத்தைப் பார்த்தார்,
ஒருமுறை என்னை.
மூக்கைத் திருச்சிப் பக்கம் திருப்பினார்.